ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 2022 பிப்ரவரி வரைக்கும் விமானம் ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் அதே ஃபின்ஏர் நிறுவனத்தின் அதே ஏர்பஸ் ஏ350 ரக விமானம், அதே ஊர்களுக்கு நடுவே 13 மணி நேரம் பறந்தது. என்ஜினில் கோளாறு இல்லை. வேகத்தையும் யாரும் குறைக்கவில்லை. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது.

இரண்டு நகரங்களின் பெயரைச் சொல்லி இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்லிவிடுவோம். கைப்பேசியில் தட்டினாலும் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குப் பின்னால் பூமியின் உருண்டை வடிவம், வானத்துக் காற்று, நாடுகளின் எல்லை என மூன்று கணக்குகள் இருக்கின்றன. இந்த மூன்றும் ஒரே தடத்தில் பளிச்சென்று தெரிவதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் பூமி. சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் இந்த இரண்டு ஊர்களையும் அளவுகோல் வைத்து இணைத்தால், கோடு மேற்கிலிருந்து கிழக்காகச் சற்றே தெற்கே சரிந்து ரஷ்யா, கஜகஸ்தானின் வடபகுதி, மங்கோலியா, சீனா என்று போகும். இது குறுக்குவழி போலத் தெரியும். இப்போது ஓர் உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் இரு முனைகளையும் இரண்டு ஊர்களில் அழுத்திப் பிடித்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவும். ஹெல்சிங்கியிலிருந்து வடகிழக்காக ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி 67 பாகை வரை போய், சைபீரியாவின் மேல் வளைந்து இறங்கி ஜப்பானைத் தொடும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய பாதை அதுதான். அந்த நூலை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் கிடைக்கும். அதைப் பெருவட்டம் என்கிறோம்.

நூல் பாதையின் நீளம் சுமார் 7,800 கி.மீ. வரைபடத்தில் நேராகத் தெரிந்த கோட்டின் வழியே, திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு பறந்தால் 8,780 கி.மீ. வரும். ஏறக்குறைய 1,000 கி.மீ. வித்தியாசம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள ஊர்களுக்கு நடுவே இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர் வரைபடத்து நேர்கோட்டை நம்பினாலும் நஷ்டமில்லை. வடக்கே போகப் போகத்தான் தட்டையான வரைபடம் ஏமாற்றும். மெர்கேட்டர் 1569-ல் வரைந்த படம் கடலில் திசை மாறாமல் கப்பல் ஓட்டுபவர்களுக்காக வரையப்பட்டது. தூரம் அளக்க அதைப் பயன்படுத்தினால் அது மெர்கேட்டரின் குற்றமாகாது.

இந்தத் தூரத்தை யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம் என்பதுதான் இதன் அழகு. பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டரை வகுத்தபோது, பூமத்திய ரேகையிலிருந்து வட துருவம் வரையுள்ள நீளத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். ஆக 90 பாகைக்கு 10,000 கி.மீ.; ஒரு பாகைக்கு 111 கி.மீ. பூமியின் நடுப்புள்ளியிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஒரு கோடும் டோக்கியோவுக்கு ஒரு கோடும் இழுத்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 70 பாகைக்குக் கொஞ்சம் மேல். 111-ஆல் பெருக்கினால் 7,800 வந்துவிடுகிறது. அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்க அட்சரேகையும் தீர்க்கரேகையும், மேல்நிலைப் பள்ளியில் படித்த சைன், கொசைனும் போதும். பூமி துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருப்பதால் (துருவத்துக்குத் துருவம் விட்டம் பூமத்திய ரேகை விட்டத்தைவிட 43 கி.மீ. குறைவு) விடை அரை சதவீதத்துக்குள் பிசகலாம், அவ்வளவுதான்.

இனி நேரம். ஏ350 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கி.மீ. அதில் 85 சதவீதம் என்றால் 900 கி.மீ. 7,800-ஐ 900-ஆல் வகுத்தால் 8 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்கு முறை வாங்குவது எல்லாம் சேர்த்தால் ஒன்பதரை மணி. அட்டவணையில் அச்சாகும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு ஊரில் நிற்கும் வரையிலானது. சக்கரம் வானில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு.

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருப்பதில்லை. 900 கி.மீ. என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? காவிரியில் பரிசல் போடுகிறவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: துடுப்பு ஒரே மாதிரிதான் விழுகிறது, ஆனால் ஆறு போகிற பக்கம் போனால் ஒரு நேரம், எதிர்த்து வந்தால் ஒரு நேரம்.

வானத்தில் ஓடும் அந்த ஆற்றை அளந்தவர் டோக்கியோவுக்கு வடகிழக்கே, இன்றைய சுக்குபா நகரத்தில் இருக்கும் டடேனோ ஆய்வகத்தில் வேலை பார்த்தார். வசபுரோ ஓயிஷி என்று பெயர். 1920களில் அவர் வாயு நிரப்பிய சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, தரையில் நிறுத்திய தொலைநோக்கியால் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்தார். பலூன் எந்தக் கோணத்தில் தெரிகிறது, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால் ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் வேகம் தெரிந்துவிடும். குளிர்காலத்தில், 9 கி.மீ. உயரத்தை எட்டியதும் பலூன்கள் கிழக்கே பிய்த்துக்கொண்டு ஓடின. வினாடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கி.மீ. வேகம். தரையில் இலைகூட அசையாத நாளிலும் மேலே அப்படி ஒரு காற்று.

இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஆள் ஓயிஷிதான். தான் கண்டது உலகம் முழுக்கப் போய்ச் சேர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஜப்பானியத்தில் எழுதினால் வெளியே யாரும் படிக்கமாட்டார்கள். ஆகவே எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் 1926-ல் அறிக்கையை வெளியிட்டார். எஸ்பெராண்டோ படித்த வானிலையாளர்கள் மிகச் சிலரே. எல்லோருக்கும் என்று எழுதிய அறிக்கை ஏறக்குறைய யாரும் படிக்காமல் கிடந்தது.

அதன் விலை பின்னால் தெரிந்தது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் டோக்கியோவின் மேல் உயரப் பறந்து குண்டு போட வந்தபோது, விமானிகள் எதிர்பாராத பெருங்காற்றில் சிக்கினார்கள். குண்டுகள் இலக்கைவிட்டு எங்கெங்கோ விழுந்தன. மறுபுறம் ஜப்பானிய ராணுவம் அந்தக் காற்றை ஆயுதமாக்கியது. பள்ளி மாணவிகள் காகிதத் தாள்களைக் கிழங்குப் பசையால் ஒட்டிச் செய்த 9,000-க்கும் மேற்பட்ட பலூன்களில் குண்டுகளைக் கட்டி, 1944 நவம்பர் முதல் பசிபிக்கின் குறுக்கே அனுப்பியது. சில நாட்களில் அவை அமெரிக்காவை அடைந்தன. பெரும்பாலானவை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் 1945 மே மாதம் ஓரிகன் மாநிலத்தின் பிளை என்ற ஊருக்கு அருகே காட்டில் கிடந்த ஒரு பலூன் குண்டு வெடித்து, உலாப் போன ஐந்து சிறுவர் சிறுமியரும் ஒரு கர்ப்பிணியும் இறந்தார்கள். பலூன் விட்டுக் காற்றை அளந்த மனிதரின் வேலை இப்படி ஒரு காட்டில் போய் முடிந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஜெட் ஸ்ட்ரீம் என்று இன்று நாம் அழைக்கும் இந்தக் காற்றோட்டத்தின் காரணம் எளிமையானது. வெப்பமண்டலத்தில் சூடான காற்று, துருவத்தில் குளிர்ந்த காற்று. சூடான காற்று உப்பி உயரமாக நிற்கிறது. அதனால் மேலே போகப் போக ஒரே உயரத்தில் தெற்கே அழுத்தம் அதிகம், வடக்கே குறைவு. காற்று வடக்கு நோக்கிப் பாயப் பார்க்கிறது. பூமி சுழல்வதால் அது வலப்பக்கம் திருப்பப்பட்டுக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் இரு பக்கத்து வெப்ப வித்தியாசம் கூடும், காற்றும் கூடும். உலகிலேயே வலுவான ஜெட் ஸ்ட்ரீம் குளிர்காலத்தில் ஓடுவது ஜப்பானுக்கு மேலேதான். ஓயிஷி நின்ற இடத்திலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் வெகு தூரமில்லை; ஹெல்சிங்கியிலிருந்து வரும் விமானம் அவர் அளந்த அதே காற்றுக்குள்தான் இறங்குகிறது.

போகும்போது காற்று உதவினால் வரும்போது இடைஞ்சல் செய்யும், கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. வழி முழுக்க மணிக்கு 150 கி.மீ. மேல்காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். கிழக்கே போகையில் தரையைப் பொறுத்த வேகம் 1,050, 7,800 கி.மீ.யைக் கடக்க 7 மணி 26 நிமிடம். திரும்புகையில் வேகம் 750. ஆகும் நேரம் 10 மணி 24 நிமிடம். மொத்தம் 17 மணி 50 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 17 மணி 20 நிமிடம்தான். உதவும் காற்றில் விமானம் குறைந்த நேரமே இருக்கிறது. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. ஆகவே நிலையாக வீசும் காற்று இருவழிப் பயணத்தில் எப்போதும் நஷ்டமே தரும். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ் 2016-ல் இதே கணக்கை லண்டன்–நியூயார்க் தடத்தில், கரியமில வாயு இரட்டிப்பான உலகத்துக்குப் போட்டுப் பார்த்தார். குளிர்காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் வலுத்து, போக வர சராசரியாக ஒரு நிமிடம் 18 வினாடி கூடும் என்றது விடை. ஒருவருக்கு அது ஒன்றுமில்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் எல்லா விமானங்களுக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் கூடுதலாக வானில் நிற்கும், அத்தனை நேரமும் எரிபொருள் எரியும்.

மூன்றாவது கணக்கு எல்லை. 1944-ல் சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளி முழுக்க அந்த நாட்டுக்கே உரியது என்கிறது. ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் இணைக்கும் நூலின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் கிடக்கிறது. அந்த ஒரு நாடு கதவைச் சாத்தினால் பெருவட்டம் வெறும் கணிதம்தான்.

பனிப்போர்க் காலத்தில் கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன விமானங்களில் பெரும்பாலானவை தெற்கே ஆசியாவைச் சுற்றின, இல்லாவிட்டால் வடக்கே ஏறி அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பின. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் 1957-ல் கோபன்ஹேகன்–ஆங்கரேஜ்–டோக்கியோ சேவையைத் தொடங்கியது. வழியில் ஆங்கரேஜ் விமான நிலையத்தில் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டதை அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் இன்னும் ஆசையோடு சொல்வார்கள். 1983-ல் ஃபின்ஏர் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானத்தை எடுத்துக்கொண்டு, வட துருவத்துக்கு மேலே ஏறி பெரிங் நீரிணை வழியாக இறங்கி, எங்கும் நிற்காமல் டோக்கியோவை அடைந்தது. அதற்கும் சுமார் 13 மணி நேரம் ஆயிற்று. சோவியத் யூனியனின் கடைசி ஆண்டுகளில் சைபீரிய வானம் பரவலாகத் திறக்கத் தொடங்கியது. பிறகு கட்டணம் கட்டினால் பறக்கலாம் என்றானது. ஐரோப்பிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் பல கோடி யூரோ கட்டின. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. 27-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூட, மறுநாள் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. இரண்டே வாரத்துக்குள், மார்ச் 9-ஆம் தேதி, ஃபின்ஏர் தன் 1983-ஆம் ஆண்டுப் பாதைக்கே திரும்பியது.

துருவப் பாதையின் நீளத்தை நாமே கூட்டிவிடலாம். ஹெல்சிங்கி ஏறக்குறைய 60 பாகையில் இருக்கிறது. துருவத்துக்கு மீதி 30 பாகை, 3,300 கி.மீ. அங்கிருந்து பெரிங் நீரிணைக்கு 2,700. அதன்பின் ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்தை ஒதுங்கி பசிபிக் வழியே டோக்கியோவுக்கு 5,000. ஆக 11,000 கி.மீ. நூல் பாதையைவிட 3,200 கி.மீ. அதிகம், மணிக்கு 900 வீதம் மூன்றரை மணி நேரம்.

அங்கே பறப்பதில் தூரம் ஒன்றுதான் சிரமம் என்று எண்ணிவிடக் கூடாது. துருவத்தின் மேல் குளிர்காலத்தில் காற்று மைனஸ் 65 டிகிரிக்கும் கீழே போகும். விமானங்களில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47-ல் உறையத் தொடங்கும். ஆனாலும் பறக்க முடிவதற்குக் காரணம் விமானத்தின் வேகம். அது காற்றை அழுத்திக்கொண்டு போவதால் இறக்கையின் மேற்பரப்பு வெளிக்காற்றைவிட 30 டிகிரி வரை சூடாக இருக்கும். இறக்கைக்குள் உள்ள எரிபொருளின் வெப்பநிலை விமானி அறையில் ஒரு சின்ன எண்ணாக எரிந்துகொண்டே இருக்கும். அது மிகவும் இறங்கினால் வேகத்தைக் கூட்டுவார்கள், அல்லது சூடான காற்று இருக்கும் உயரத்துக்கு மாறுவார்கள். காந்தத் திசைகாட்டி அந்தப் பக்கம் பயன்படாது. துருவத்தைக் கடக்கும் நொடியில், கொஞ்சமும் திரும்பாமலே, வடக்கு நோக்கிப் போன விமானம் தெற்கு நோக்கிப் போகத் தொடங்கிவிடும். 82 பாகைக்கு மேலே, பூமத்திய ரேகைக்கு மேல் நிலையாக நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடுகின்றன.

அவசரத்துக்கு இறங்க ஸ்வால்பார்ட் தீவுகள், அலாஸ்கா என்று மிகச் சில இடங்களே உண்டு. இரண்டே என்ஜின் கொண்ட விமானம் ஒன்று பழுதானாலும் மற்றதை வைத்துக்கொண்டு ஒரு நிலையத்தை அடைய வேண்டும். ஏ350 ரகத்துக்கு இதற்காக 370 நிமிடம் வரை சான்று உண்டு. துருவ வழியில் பறக்கும் விமானத்தில் கடுங்குளிர் உடை இரண்டு ஜோடியாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதி. இறங்க நேர்ந்தால் யாராவது வெளியே போய் விமானத்தைப் பார்க்க வேண்டுமே. இவ்வளவுக்கும் நடுவே, துருவத்தைக் கடந்ததற்கு அடையாளமாகப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழையும் ஒட்டுப்படத்தையும் ஃபின்ஏர் கொடுக்கிறது.

தெற்கேயும் ஒரு வழி உண்டு: பால்டிக் நாடுகள், போலந்து வழியாகக் கருங்கடலுக்கு இறங்கி, காகசஸ் மலைநாடுகள், காஸ்பியன், கஜகஸ்தான், சீனா, கொரியா என்று ஜப்பானுக்கு. நீளமான வழிதான். ஆனால் கிழக்கே போகும்போது பின்னாலிருந்து ஓயிஷியின் காற்று தள்ளும். அன்றன்றைய காற்றைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டோக்கியோ–லண்டன் தடத்தில் இது இன்னும் வேடிக்கையான எல்லைக்குப் போயிருக்கிறது. டோக்கியோவிலிருந்து அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாகக் கிழக்கு நோக்கியே பறந்து லண்டனை அடைகிறார்கள். திரும்பும்போது மத்திய ஆசியா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கிறார்கள். போய் வந்த பயணி தெரியாமலே உலகை ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானை மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று.

மூன்றரை மணி நேரக் கூடுதலில் ஒரு பயணி இழப்பது ஒரு தூக்கம். ஹெல்சிங்கி இழந்தது அதைவிடப் பெரிது. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருப்பதால் ஆசியாவுக்கு அதுதான் பக்கம் என்பதை வைத்துத்தான் அந்த நகரத்தின் விமான நிலையமும் ஃபின்ஏரும் வளர்ந்தன. ஒன்பதரை மணி போக, ஒன்பதரை மணி வர என்றால் 19 மணி. சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, ஆளேற்ற ஐந்து மணி மிச்சம். ஒரே விமானம் ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குக் கிளம்பிவிடலாம். 13-ம் 13-ம் 26. ஒரு நாளுக்கு 24 மணிதான் என்பதால், தினசரி ஒரு சேவைக்கு ஒரு விமானம் போதாமல் இரண்டாவது விமானத்தின் உழைப்பிலும் பங்கு கேட்க வேண்டியிருக்கிறது.